முழுகாமலே முழுகாமல் இருக்கலாம்: பிள்ளை பெற்ற பிறகு நாம் போடும் தப்புக் கணக்குகள்

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" என்று நர்ஸ் கேட்டார். நான் யோசிக்காமல் "நேத்து" என்றேன். அவர் எழுதாமல் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது, அவர் கேட்டது வெள்ளிக்கிழமைக் குளியலை இல்லை. அவர் கேட்டதற்குச் சரியான பதிலும் என்னிடம் இல்லை. பெரியவள் என் இடுப்பில் உட்கார்ந்து செயினைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அப்போது 11 மாதம். அவள் உண்டாவதற்கு முன்னால் வந்ததுதான் எனக்குக் கடைசி மாதவிடாய், அதாவது 20 மாதத்துக்கு முந்தியது. நடுவில் ஒரு தடவைகூட வரவில்லை. நெஞ்செரிச்சல், வாயு என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஸ்கேனில் 14 வாரம் என்று வந்தது.

கர்ப்பமாக இருப்பவளை "முழுகாம இருக்கா" என்று சொல்கிறவர்கள் நாம். மாதா மாதம் தலை முழுகுகிறவள் இந்த மாதம் முழுகவில்லை என்றால் விசேஷம், அவ்வளவுதான் கணக்கு. மற்ற நேரத்தில் சரியாக வரும் இந்தக் கணக்கு, பிள்ளை பெற்றவளிடம் மட்டும் தலைகீழாகப் போகிறது. அவள் முழுகாமல் இருக்கும்போதே இன்னொரு தடவை 'முழுகாமல்' ஆகிவிடலாம்.

எப்படி என்றால், முட்டை முதலில், ரத்தம் அப்புறம். சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வந்து, அது கருவாகாமல் போனால்தான், சுமார் 2 வாரம் கழித்து உதிரப்போக்கு வரும். அப்படியென்றால் பிரசவத்துக்குப் பிறகு வரும் முதல் மாதவிடாய், "இனிமேல் ஜாக்கிரதையா இரு" என்று சொல்ல வருவது இல்லை. ஒரு முட்டை ஏற்கெனவே வந்து போய்விட்டது என்று பிந்திச் சொல்லும் சேதி அது, ரயில் போன பிறகு பிளாட்ஃபாரத்தில் கேட்கிற அறிவிப்பு மாதிரி. முட்டை வராமலே முதல் ஒன்றிரண்டு உதிரப்போக்கு வருவதும் உண்டு, முக்கியமாகப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது. ஆனால் உங்களுக்கு வந்தது எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. "வரட்டும், வந்ததுக்கப்புறம் பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பதுதான் நான் செய்தது. எனக்குத் தெரிந்த பாதிப் பேர் செய்வதும் அதுதான்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் யார் பார்த்தா?"

என் மாமியார் கேட்டது இது. நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ஒன்று பெற்றவர்களும் எக்கச்சக்கம், அதை யாரும் சொல்வதில்லை என்பது ஒரு பக்கம். ஆனால் இடைவெளி விழுந்த வீடுகளில் இரண்டு வேலிகள் இருந்தன. ஒன்று, பிள்ளை பெற்றவள் மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ வரைக்கும் அம்மா வீட்டில்தான் இருப்பாள், புருஷன் எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். இன்னொன்று, குழந்தை ராத்திரி பகலாக மார்பிலேயே கிடக்கும்.

இப்போது சென்னையில் என்ன நிலைமை? என் அம்மா வீடு பெரம்பூர், மாமியார் வீடு போரூர். "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்று பேர்தான், அவர் ஆபீஸ் முடிந்து ஒன்று விட்டு ஒரு நாள் பைக்கில் வந்துவிடுவார், மழை பிடித்துக்கொண்டால் அங்கேயே தங்கிவிடுவார். குழந்தைக்கு ராத்திரி ஒரு வேளை பாட்டி பாட்டிலில் கொடுத்தாள், நான் தூங்க வேண்டும் என்று, பாவம், நல்லெண்ணம்தான். இரண்டு வேலியும் போயிருந்தது, புதுசாக வேலி போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"பால் குடுக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது"

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது ஆபத்து. குழந்தை சப்பிக் குடிக்கும்போது மார்புக் காம்பிலிருந்து போகும் நரம்புச் செய்தி மூளையை எட்டுகிறது. முட்டையை முதிர வை என்று சினைப்பைக்கு மூளை அனுப்பும் ஹார்மோன் தாளம் அதனால் மந்தமாகிறது. கவனியுங்கள், இந்த வேலையைச் செய்வது சப்புதல். பால் நிறையச் சுரப்பதால் மட்டும் இது நடப்பதில்லை. பம்ப் வைத்து எடுத்து ஃப்ரிட்ஜில் அடுக்குவது குழந்தைக்கு நல்ல பால்தான், ஆனால் உங்கள் மூளைக்குக் குழந்தையின் வாய் கொடுக்கும் அளவுக்குச் செய்தி கொடுக்காது.

1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் நிபுணர்கள் கூடி இதற்கு ஒரு வரையறை வைத்தார்கள், அது இன்றைக்கும் செல்லும். குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தை முழுக்க அல்லது ஏறக்குறைய முழுக்கத் தாய்ப்பாலில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால் 100-ல் 98 பேருக்குக் கரு தங்காது. மூன்றில் ஒன்று போனாலும் முழுசாகப் போச்சு, மீதி இரண்டு காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். முழுக்கத் தாய்ப்பால் என்பதற்கும் கணக்கு உண்டு: பகலில் இரண்டு வேளைக்கு நடுவே 4 மணி நேரத்துக்கு மேலும், ராத்திரியில் 6 மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது. "என் பொண்ணு ராத்திரி பத்துக்குத் தூங்கினா காலையில ஆறுக்குத்தான் எழுந்திருப்பா, தங்கம்" என்று வாட்ஸப்பில் பெருமை அடிக்கும் அம்மாக்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வேறு ஏற்பாடும் பண்ணிவிடுங்கள்.

எனக்கு நடந்தது இந்த ஆறாவது மாத வாசலில்தான். தனியார் வேலையில் பேறுகால விடுப்பு 26 வாரம் (2017-ல்தான் சட்டத்தைத் திருத்தி 12-ஐ 26 ஆக்கினார்கள்), அதாவது சரியாக 6 மாதம். அதே 6 மாதத்தில்தான் டாக்டர் கேழ்வரகுக் கஞ்சி, மசித்த இட்லி ஆரம்பிக்கச் சொல்வார். அதே வாரம் நான் ஓஎம்ஆர் ஆபீஸுக்குத் திரும்பினேன், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்கு வருவேன், பகல் முழுக்கக் குழந்தைக்குப் பாட்டியும் பாட்டிலும். மூன்று காவலில் இரண்டு ஒரே வாரத்தில் வீட்டை விட்டுப் போனதை நான் கவனிக்கவில்லை. பீரியட்ஸ் வரவில்லையே, அப்புறம் என்ன என்று இருந்தேன். இரண்டு மாதத்தில் கரு தங்கிவிட்டது.

பால் கொடுக்காதவர்களுக்கு இந்த அவகாசமும் கிடையாது. பிரசவமாகி 4 வாரத்துக்குள்ளேயே முட்டை வந்துவிடலாம் என்பதால், 3 வாரத்துக்கு மேல் பாதுகாப்பு இல்லாமல் சேரக் கூடாது என்பதுதான் மருத்துவ வழக்கம். 40 நாள், 45 நாள் என்று நாம் வைத்திருக்கும் கெடு உடம்பு ஆறுவதற்காக. கரு தங்காது என்பதற்கான உத்தரவாதம் இல்லை. இதில் யாரும் பேசாத ஒரு ஆள் இருக்கிறாள்: குழந்தை பிறந்து தவறிப்போனவள். பால் வற்ற மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஊசி போடக் கொண்டுபோகக் குழந்தை இல்லாததால் அவள் திரும்ப ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. பால் கொடுப்பவர்களைவிட அவளுக்கு முட்டை சீக்கிரம் திரும்பும், அவளிடம்தான் இதை ஒருவரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால் மெதுவாக, தனியாக, சொல்லிவிடுங்கள்.

எது தீட்டு, எது மாதவிடாய்

பிரசவத்துக்கு அப்புறம் போகும் ரத்தத்தையும் மாதவிடாயையும் குழப்பிக்கொள்வது சகஜம். பிரசவத் தீட்டு முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு, அப்புறம் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, பத்து நாளுக்கு மேல் வெளுத்துக்கொண்டே போய் நாலிலிருந்து ஆறு வாரத்தில் நிற்கும். சிசேரியன் ஆனவர்களுக்கும் போகும், "எனக்கு ஆபரேஷன்தானே, ஏன் ரத்தம் போகுது?" என்று என் சித்தி மகள் போன் போட்டு அழுதாள். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஆறும்போது போவது அது, குழந்தை எந்த வழியாக வந்தது என்று அது பார்ப்பதில்லை. முழுக்கப் பால் கொடுப்பவளுக்கு 56 நாளுக்குள் வருவதை மாதவிடாயாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதற்கு மேல் வந்தால் எடுக்க வேண்டும்.

வெளுத்துவந்தது திரும்பவும் திடீரென்று சிவந்து, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்து, அடுத்த மணியும் அப்படியே என்றால், அல்லது எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி விழுந்தால், நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால், அது "கெட்ட ரத்தம் வெளிய போகுது, போகட்டும்" இல்லை. உள்ளே நஞ்சுத் துண்டு தங்கியிருக்கலாம், தொற்று இருக்கலாம். பத்திய லேகியத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

"பால் கெட்டுடும், சவலை பாஞ்சிடும்"

மாதவிடாய் வந்தால் பாலை நிறுத்து என்று ஒரு கட்சி இருக்கிறது. தேவையே இல்லை. அந்த நாட்களில் சிலருக்குப் பால் கொஞ்சம் குறையும், குழந்தை இழுத்து இழுத்துச் சிணுங்கும், நாலு நாளில் சரியாகிவிடும். அந்தப் பாலில் குழந்தைக்குக் கேடு எதுவும் கிடையாது.

சவலை விஷயம் வேறு, அதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும். தாய் அடுத்ததை உண்டாகிவிட்டதால் பால் கிடைக்காமல் நோஞ்சானாகிப் போகும் பிள்ளைக்குத்தான் சவலைப் பிள்ளை என்று பெயர். இதற்கென்று ஒரு சொல்லையே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை வீட்டில் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளை இளைப்பது பால் விஷமாவதால் இல்லை. கர்ப்பத்தில் பால் குறையும், தாயைப் பயமுறுத்தி வேப்பெண்ணெய் தடவிச் சட்டென்று நிறுத்தவும் வைப்பார்கள், அதற்கு ஈடாக வேறு சாப்பாடும் சரியாகக் கொடுக்க மாட்டார்கள். நான் பெரியவளுக்கு டாக்டரைக் கேட்டுக்கொண்டே, அடுத்த கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம் வரைக்கும் கொடுத்தேன், முட்டை, பருப்பு, நெய் என்று தட்டையும் நிரப்பினேன். குறைப்பிரசவ அபாயமோ ரத்தப்போக்கோ இருப்பவர்கள் மட்டும் கேட்காமல் தொடரக் கூடாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது

இதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிற இடம். கல்யாணமான புதிதில் போட்டுக்கொண்ட கருத்தடை மாத்திரை அட்டை பீரோவில் கிடக்கிறது என்று எடுத்துப் போடுவார்கள். மாலா-என் மாதிரி இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை பிரசவமான முதல் வாரங்களில் யாருக்கும் ஆகாது, ரத்தக்கட்டு அபாயம் ஏற்கெனவே அதிகமாக இருக்கும் காலம் அது. பால் கொடுப்பவர்கள் 6 மாதம் வரைக்கும் தவிர்ப்பது நல்லது. பால் கொடுப்பவர்களுக்கு என்றே ஒற்றை ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. ஹார்மோனே இல்லாத 'சாயா' இருக்கிறது, லக்னோவில் மத்திய அரசின் மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது: முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அதில் மாதவிடாய் தள்ளிப்போகும், பயப்பட வேண்டாம். 'அந்தரா' ஊசி 3 மாதத்துக்கு ஒரு தடவை, பால் கொடுப்பவர்கள் 6 வாரத்துக்கு மேல் போடலாம். நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், சீக்கிரமே அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்கள் யோசித்துப் போட வேண்டும். சாயாவும் அந்தராவும் அரசு மருத்துவமனைகளில் காசு வாங்காமல் தருகிறார்கள், ஆனால் வாய்திறந்து கேட்க வேண்டும்.

கரு தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு பேய்க்கதை இருந்தது, அது நகர்ந்து நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்று. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக ரோடு கிடையாது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள், சிசேரியன் என்றால் மேஜையிலேயே, போட்டுவிடுவார்கள். வகையைப் பொறுத்து 5 வருஷமோ 10 வருஷமோ ஓடும். பிரசவத்தோடு போடுவதில் சிலருக்கு நழுவி வெளியே வந்துவிடும் என்பது உண்மை. அதனால்தான் ஆறாவது வாரம் போய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஆணுறை போதும் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்த இடம் வறண்டிருக்கும், வலிக்கும். கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை பலவீனமாகிக் கிழியும். தண்ணீர் கலந்த ஜெல் கடையில் கிடைக்கிறது, புருஷனை அனுப்பி வாங்கி வரச் சொல்லுங்கள், இந்த ஒரு வேலையாவது அவர் பார்க்கட்டும். "நான் பார்த்துக்குறேன்" என்று கடைசி நொடியில் விலகிக்கொள்ளும் வாக்குறுதியை நம்பிப் பெற்றவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

'சேஃப் டேஸ்' கணக்கும் இப்போது வேண்டாம். மாதச் சுழற்சி சீராக இருந்தால்தான் அது ஓரளவுக்காவது வேலை செய்யும். முதல் சில மாதங்கள் 24 நாளில் வரும், அப்புறம் 50 நாள் காணாமல் போகும், போனில் இருக்கும் ஆப்புக்கு உங்களுக்குக் குழந்தை பிறந்ததே தெரியாது.

எல்லாவற்றையும்விட மோசமான தப்பு, கரு தங்கிவிட்டது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்டுக் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது. அந்த மாத்திரை 9 வாரத்துக்குள், டாக்டர் பார்த்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்து கொடுக்க வேண்டியது. மாதவிடாயே வராதவளுக்கு எத்தனை வாரம் என்று எப்படித் தெரியும்? நான் ஒரு மாதம் இருக்கும் என்று நினைத்தேன், ஸ்கேனில் 14 வாரம். அந்தக் கணக்கில் வீட்டிலேயே மாத்திரை போட்டிருந்தால் ரத்தம் நிற்காமல் போயிருக்கலாம். சிசேரியன் ஆனவர்களுக்குப் பழைய தையல் தழும்பிலேயே கரு ஒட்டிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது, யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று முடிவெடுப்பது உங்கள் உரிமை, சட்டமும் வழி கொடுக்கிறது, ஆனால் அதை டாக்டரிடம் போய்ச் செய்யுங்கள். சந்தேகம் வந்ததுமே முதலில் சிறுநீர் கார்டில் பார்த்துவிடுங்கள். பிரசவமான முதல் ஒரு மாதம் பழைய கர்ப்ப ஹார்மோன் உடம்பில் மிச்சம் இருக்கும், கார்டு ஏமாற்றும், அதற்கு மேல் நம்பலாம்.

எனக்கும் முதலாவது சிசேரியன். இரண்டு பிரசவத்துக்கும் நடுவே 18 மாதமாவது இல்லாவிட்டால் பழைய தையல் பிரியும் அபாயம் கூடும் என்பதால், சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா என்று நான் கேட்டபோது டாக்டர் முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிட்டது. ஒரு குழந்தை பிறந்து அடுத்த கர்ப்பத்துக்கு முயல 24 மாதமாவது போகட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது, கூடவே ரத்தசோகையும். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் போடச் சொன்ன இரும்புச்சத்து மாத்திரையை நான் முப்பதாவது நாளோடு மறந்திருந்தேன், மலச்சிக்கல் என்று சாக்கு.

வராமலே இருந்தால்

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வருஷம் வராவிட்டாலும், கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டால், கவலைப்பட வேண்டாம். பாலே கொடுக்காமல் மூன்று மாதமாகியும் வரவில்லை, அல்லது நிறுத்தி மூன்று மாதமாகியும் வரவில்லை என்றால் காட்டுங்கள், தைராய்டாக இருக்கலாம். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், ரத்தம் ஏற்றினவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பால் சுரக்கவே இல்லை, எப்போதும் அசதி, குளிர் தாங்கவில்லை, மழித்த முடி திரும்ப முளைக்கவில்லை, மாதவிடாயும் இல்லை என்று இருந்தால், அதிக ரத்தப்போக்கால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டிருக்கலாம். ஷீஹன் நோய் என்பார்கள். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றே வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையில் சமாளிக்கலாம்.

குழந்தைக்கு ஒன்றரை மாச ஊசி போடப் போகும் நாளைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். குழந்தையின் அட்டையில் தேதி எழுதி வாங்கி, அது அழுகையை நிறுத்தியதும் கிளம்பிவிடுகிறோம். அதே வளாகத்தில் அம்மாவைப் பார்க்கவும் ஆள் இருப்பார்கள். எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடங்களில் குடும்பநலப் பிரிவே தனியாக இருக்கிறது. "எனக்கு என்ன பண்றது?" என்று ஒரு வார்த்தை கேட்க அஞ்சு நிமிஷம்.

இரண்டாவது பிரசவத்தில் மேஜையிலேயே காப்பர்-டி போட்டுக்கொண்டேன். இந்தத் தடவையும் ஒரு வருஷம் வராது என்று நானும் அம்மாவும் நினைத்திருந்தோம், ஒரே உடம்புதானே என்று. சின்னவனுக்கு மூன்று மாதம் முடிந்த வாரமே வந்துவிட்டது, ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதே. பெரம்பூர் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "அதுக்குள்ளயாடி?" என்றாள்.